படம் ஓரிடம், பார்வை பல இடம்

சென்ற அத்தியாயத்தில், கேமராவிலிருந்தும் கைப்பேசியிலிருந்தும் கணினிக்கு வந்து சேர்ந்த புகைப்படங்களைத் தேர்ந்து, பெயரிட்டு, ஆண்டு மாத வரிசையில் அடுக்கி வைக்கும் முறையைக் கூறினோம். அவ்வாறு அடுக்கிய படங்களுள் ஒன்றையோ பலவற்றையோ வெவ்வேறு இணையதளங்களில் காட்ட நேரும்போது, ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியே அதே படத்தை ஏற்றிக்கொண்டிராமல், படங்களை வைத்துக் காட்டுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு சேவையில் ஒரே தடவை ஏற்றிவிட்டு, அதன் முகவரியை மட்டும் வேண்டிய இடங்களுக்கெல்லாம் கொடுத்துவிடும் உபாயம் ஒன்று உண்டு. அந்த உபாயத்தைப் பிரயோகிக்கும் விதத்தையும், அதில் எவ்வளவு தூரம் நம்பிக்கை வைக்கலாம் என்பதையும் இங்கே விவரிப்போம்.

உதாரணத்துக்காக, வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்று, கூழைக்கடா ஒன்று தன் குஞ்சுக்கு இரை ஊட்டும் காட்சியைப் படம் பிடித்து வந்திருக்கும் ஒரு பறவை ஆர்வலரை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். அந்தப் படத்தைத் தம் சொந்த இணையதளத்திலும், தாம் அங்கம் வகிக்கும் பறவை நோக்குவோர் சங்கத்தின் தளத்திலும், ஐநேச்சுரலிஸ்ட் என்னும் உயிரினப் பதிவுத் தளத்திலும், இயலுமானால் தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரை ஒன்றிலும் காட்ட வேண்டுமென்பது அவருடைய ஆசை.

இது எவ்வாறு சாத்தியமாகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நலம். ஏனெனில் இதனால் விளையும் சௌகரியங்களும் சங்கடங்களும் ஒரே காரணத்திலிருந்துதான் பிறக்கின்றன. இணையப் பக்கம் ஒன்றில் நாம் காணும் படம் அந்தப் பக்கத்துக்குள்ளேயே ஒட்டப்பட்டிருப்பதாக எண்ணுவது இயல்பே ஆயினும், பக்கத்தில் உண்மையில் இருப்பது படத்தின் முகவரி மட்டுமே. வாசகர் பக்கத்தைத் திறந்த மாத்திரத்தில் அவருடைய பிரவுசர் அந்த முகவரியைப் படித்து, அது சுட்டும் சர்வர் உலகின் எந்த மூலையில் இருந்தாலும் அங்கே கேட்டு, படத்தை வாங்கி வந்து, உரிய இடத்தில் பொருத்திக் காட்டுகிறது. 1993-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் தேதி, மொசைக் பிரவுசரை உருவாக்கிக்கொண்டிருந்த மார்க் ஆண்ட்ரீசன் என்ற இளைஞர், படங்களைக் காட்டுவதற்கென ஒரு குறிச்சொல்லைச் சக நிரலாளர்களிடம் முன்மொழிந்தபோது, அதில் படத்தின் முகவரி கட்டாயம் இடம்பெற வேண்டும் என்று மட்டுமே விதித்தார். அந்த முகவரி அதே சர்வரைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை விதிக்கவில்லை. படச் சேவைகள் என்னும் வர்த்தகம் முழுவதும் அந்த நிபந்தனையின்மையின் மேல் எழும்பியதே.

ஆகவே, படம் ஒவ்வொரு முறை பார்க்கப்படும்போதும் அதை அனுப்பி வைக்கும் செலவு, படத்தை வைத்திருக்கும் சர்வருக்கே சேர்கிறது. யாரோ ஒருவருடைய தளத்திலிருக்கும் படத்தின் முகவரியை அவரைக் கேளாமலே எடுத்து நம் பக்கத்தில் போட்டுக்கொள்வது, அடுத்த வீட்டுக் கிணற்றில் குழாயைப் போட்டு நம் வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் எடுப்பதற்கு ஒப்பானது. இதற்கு ஹாட்லிங்க் என்று பெயர். எந்தப் பக்கத்திலிருந்து தன் படம் கேட்கப்படுகிறது என்பதைப் பெரும்பாலும் சர்வர் அறிந்துகொள்ள முடியுமாதலால், கேளாமல் எடுத்தவர் பக்கத்தில் அந்தப் படத்துக்குப் பதிலாக வேறொரு படத்தை, சில சமயம் கோபத்தினால் விகாரமான படத்தையே, வரச் செய்துவிடும் தள உரிமையாளர்களும் உண்டு. படச் சேவைகளின் விசேஷம் யாதெனில், இவ்வாறு வெளியிலிருந்து எடுத்துக் காட்டுவதற்கு அவை மனமொப்பி அனுமதி அளிக்கின்றன. ஆனால் அந்த அனுமதியின் எல்லைகள் சேவைக்குச் சேவை மாறுபடும்.

போட்டோபக்கெட்டும் இமேஜ்ஷாக்கும் 2003-லும், ஃபிளிக்கர் 2004-லும், இம்கர் 2009-லும் தோன்றின. இவற்றுள் இம்கர், அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த ஆலன் ஷாஃப் என்பவர் ரெடிட் தளத்தாருக்கென ஆக்கியது. கணக்குத் தொடங்காமலே படத்தைப் போட்டு முகவரியை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்ற எளிமையினால் பிரசித்தி அடைந்தது. அவசரத்துக்கு ஒரு படத்தை நாலு பேருக்குக் காட்டிவிட்டு மறந்துவிடுவதற்கு இத்தகைய சேவைகள் மிகவும் உகந்தவை. ஆண்டுக்கணக்காக நிலைத்து நிற்க வேண்டிய படத்துக்கு, சொந்தக் கணக்கும், ஆல்பமும், உரிமைக் குறிப்பும், திரும்ப எடுத்துச் செல்லும் வழியும் உள்ள சேவையே வேண்டும். அவ்வகையில் ஃபிளிக்கரை முன்னிறுத்தி இங்கே விளக்குகிறோம்; மற்றவற்றில் பொத்தான்களின் இடம் மாறுமேயன்றி முறை பெரும்பாலும் இதுவே.

இந்த இடத்தில் அநேகர் ஒரு கேள்வி கேட்பார்கள்: "என் படங்களெல்லாம் கூகுள் போட்டோஸில் தாமாகவே ஏறிவிடுகின்றனவே, அதிலிருந்தே முகவரியை எடுத்துக் கொடுத்தால் ஆகாதா?" ஆகாது. கூகுள் போட்டோஸ் நமக்குத் தரும் இணைப்பு, படத்தைக் காட்டும் ஒரு பக்கத்தின் இணைப்பு. உறவினருக்கும் நண்பருக்கும் அனுப்புவதற்கு அது மெத்தச் சரி. அந்தப் பக்கத்தைத் திறந்து படத்தின் மேல் வலது சொடுக்கிட்டு எடுக்கும் நேரடி முகவரியோ, வெளித்தளங்களில் பொருத்துவதற்காக அளிக்கப்பட்டதன்று. இன்று வேலை செய்வது போல் தோன்றி, பிறிதொரு நாள் வெற்றுச் சட்டகத்தைக் காட்டி நிற்கும். மேலும், 2021 ஜூன் 1 முதல் அங்கே புதிதாக ஏறும் படங்கள் யாவும் மின்னஞ்சலுக்கும் டிரைவுக்கும் பொதுவான 15 ஜிபி இலவச இடத்துக்குள்ளேயே கணக்கிடப்படுகின்றன. அது காப்பறை, காட்சிக்கூடமன்று.

இனிப் படத்தை ஏற்றும் வேலைக்கு வருவோம். 12 மெகாபிக்சல் கைப்பேசிப் படம் ஒன்று 4000 பிக்சல் அகலமும் 3000 பிக்சல் உயரமும் உடையதாய், மூன்று முதல் ஐந்து மெகாபைட் வரை எடையுள்ளதாக இருக்கும். கேமராவில் எடுத்த கூழைக்கடா இன்னும் கனக்கும். இதை அப்படியே ஏற்றலாமா, சுருக்கி ஏற்றலாமா என்ற சந்தேகத்துக்கு விடை, நாம் ஏற்றும் சேவை என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தது. ஃபிளிக்கர் 200 மெகாபைட் வரையுள்ள படத்தை ஏற்றுக்கொண்டு, மூலத்தைச் சிதைக்காமல் வைத்திருப்பதோடு, அதிலிருந்து பல அளவுகளில் சிறு பிரதிகளையும் தானே தயாரித்துக்கொள்கிறது. ஆதலால் மூலத்தையே ஏற்றிவிட்டு, வெளியில் காட்டுவதற்கு மட்டும் சிறு பிரதியைத் தேர்ந்துகொள்வது உத்தமம். ஒரு பக்கத்தின் நடுவில் நிற்கும் படத்துக்கு 1024 பிக்சல் அகலம் தாராளம். அதுவே மூலத்தின் எடையில் மிகச் சிறு பங்குதான் இருக்கும். நான்கு மெகாபைட் படத்தை அப்படியே பக்கத்தில் போட்டுவிட்டு, அதை அகலக் குறிப்பினால் குறுக்கிக் காட்டுபவர்கள், பார்வைக்குச் சிறிய படத்தைப் பாரத்தில் பெரியதாகவே அனுப்புகிறார்கள் என்பதை உணர்வதில்லை. கைப்பேசியில் அளந்து இன்டர்நெட் செலவழிக்கும் வாசகர் அதை நன்றாக உணர்வார்.

படம் ஏறிய பின், அதற்குத் தலைப்பும் விவரமும் டேகும் எழுதும் வேலையை அலுப்புப் பாராமல் உடனே செய்துவிட வேண்டும். "ஐஎம்ஜி 4471" என்ற பெயரோடு கிடக்கும் படத்தை இரண்டு வருஷம் கழித்துத் தேடுவது பெரும்பாடு. கூழைக்கடா என்ற தமிழ்ப் பெயரையும், அதன் விஞ்ஞானப் பெயரையும், வேடந்தாங்கல் என்ற இடப் பெயரையும், மாதத்தையும் எழுதிவிட்டால், தேடுவோருக்கு மட்டுமல்ல, பின்னால் இதே படத்தைப் பெறப்போகும் மற்றத் தளங்களுக்கும் அந்த விவரம் உதவும். பிறகு, யார் பார்க்கலாம் என்ற அனுமதியைக் கவனிக்க வேண்டும். வெளித்தளங்களில் காட்டப்போகும் படம் 'எல்லோரும்' என்ற நிலையில் இருப்பதே முறை. இலவசக் கணக்கில் இப்போது மொத்தம் 1,000 படங்களே வைக்கலாம். அவற்றுள்ளும் பொதுப் பார்வைக்கு வராத படங்கள் 50-க்கு மேற்படக் கூடாது. இந்த எண்களின் சரித்திரத்தைப் பின்னால் சொல்லுகிறோம்.

படத்தின் பக்கத்தில், வளைந்த அம்புக்குறி வடிவில் ஒரு பொத்தான் இருக்கும். அதைத் தொட்டால் திறக்கும் சிறு பெட்டியில் மூன்று விதமான சரக்குகள் கிடைக்கின்றன. முதலாவது, படத்தின் பக்கத்துக்கான இணைப்பு. வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்புவதற்கு இது. இரண்டாவது, பக்கங்களில் பொருத்தும் எம்பெட் குறிமுறை. மூன்றாவது, சதுர அடைப்புகளால் ஆன பிபிகோட் என்னும் எளிய குறிமுறை. இரண்டாவதையும் மூன்றாவதையும் எடுக்கும்போது, பெட்டியிலேயே அளவைத் தேர்ந்துகொள்ள ஒரு பட்டியல் உண்டு. அதைப் பாராமல் நகலெடுப்பவர்கள்தான் பிறகு படம் பெரிதாயிற்று, சிறிதாயிற்று என்று குறைப்பட்டுக்கொள்கிறார்கள்.

எம்பெட் குறிமுறையைச் சற்று நிதானித்துப் படித்துப் பாருங்கள். அதனுள் இரண்டு முகவரிகள் அடங்கியிருப்பது தெரியும். வெளியே இருப்பது ஃபிளிக்கரில் உள்ள படப் பக்கத்தின் முகவரி; உள்ளே இருப்பது படத்தின் நேரடி முகவரி. கடைசியில் ஒரு வரி, படத்தின் மேல் தலைப்பையும் சின்னத்தையும் அழகுபடுத்திக் காட்டும் ஸ்கிரிப்ட்டை அழைக்கிறது. பல தளங்கள் பாதுகாப்புக் கருதி இந்தக் கடைசி வரியை ஏற்பதில்லை. அப்போது குறிமுறை முழுவதும் நிராகரிக்கப்பட்டு, ஆர்வலர் திகைத்து நிற்பார். அந்த வரியை மட்டும் நீக்கிவிட்டு எஞ்சியதைப் போட்டால் போதுமானது. ஆனால் வெளியே இருக்கும் பக்க முகவரியை நீக்கிவிடக் கூடாது. ஏனெனில், தன்னிடம் உள்ள படத்தைப் பிற தளத்தில் காட்டுவோர், அந்தப் படத்திலிருந்து அதன் ஃபிளிக்கர் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தாக வேண்டும் என்பது அந்தச் சேவையின் நிபந்தனை. இலவசமாகக் கிடைக்கும் சௌகரியத்துக்கு இது அதிக விலையல்ல என்பது எம் அபிப்பிராயம்.

உள்ளே இருக்கும் நேரடி முகவரியின் அமைப்பும் அறியத்தக்கது. முதலில் படங்களுக்கென்றே உள்ள சர்வரின் பெயர் வரும், அதையடுத்து ஓர் எண், பிறகு அந்தப் படத்துக்கே உரிய நீண்ட எண், ஓர் அடிக்கோடு, எழுத்தும் இலக்கமும் கலந்த ஓர் இரகசியக் குறி, மறுபடி ஓர் அடிக்கோடு, இறுதியில் அளவைச் சொல்லும் ஒற்றை ஆங்கில எழுத்து. அந்த எழுத்து 'பி' ஆனால் நீண்ட பக்கம் 1024 பிக்சல், 'சி' ஆனால் 800, 'இசட்' ஆனால் 640, 'எம்' ஆனால் 240. ஒரே படத்தைச் சங்கத் தளத்தின் முகப்பில் சிறியதாகவும் உட்பக்கத்தில் பெரியதாகவும் காட்ட விரும்புகிறவர், மீண்டும் பெட்டியைத் திறக்காமல் இந்த ஓர் எழுத்தை மாற்றினாலே பெரும்பாலும் காரியம் முடிந்துவிடும். நடுவில் உள்ள இரகசியக் குறியைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. படத்தைத் திருத்தி, பழையதற்குப் பதிலாகப் புதியதை வைத்தால், அந்தக் குறி மாறிவிடும். பழைய முகவரி கொடுத்த இடங்களில் புதிய படம் தோன்றாது. மற்றொன்று, பக்கத்தை அந்தரங்கமாக்கிவிட்டாலும், நேரடி முகவரியை ஏற்கெனவே தெரிந்து வைத்திருப்பவர் படத்தைப் பார்ப்பதைத் தடுக்க முடியாது. ஒரு முறை வெளியே கொடுத்த முகவரியைக் கொடுத்ததாகவே பாவிக்க வேண்டும்.

குறிமுறையைப் பொருத்தும்போது, மாற்று உரை என்ற இடத்தை அலட்சியம் செய்வோரே மிகுதி. கண்பார்வை இல்லாத வாசகருக்கு அவருடைய கருவி வாசித்துக் காட்டுவது அந்த உரையைத்தான். "கூழைக்கடா, தன் குஞ்சுக்கு இரை ஊட்டுகிறது, வேடந்தாங்கல்" என்று அங்கே தமிழிலேயே எழுதி வைத்தால், என்றேனும் படம் வராமற்போன நாளில், எல்லா வாசகருக்கும் எஞ்சி நிற்பதும் அதுவே.

நிற்க. நம் ஆர்வலரின் நான்கு இடங்களும் ஒரே தன்மையன அல்ல. சொந்தத் தளமும் சங்கத் தளமும் முகவரியைப் பெற்றுக்கொண்டு, ஃபிளிக்கரிலிருந்தே ஒவ்வொரு தடவையும் படத்தை வரவழைப்பவை. ஐநேச்சுரலிஸ்ட், ஃபிளிக்கர் கணக்கோடு தொடர்பு ஏற்படுத்தி அங்குள்ள படத்தைப் பதிவோடு சேர்த்துக்கொள்ளும் வசதியை வெகுகாலமாக அளித்து வந்திருக்கிறது. விக்கிப்பீடியாவோ வெளியிடத்து முகவரியை ஏற்பதே இல்லை. அங்கே காட்ட வேண்டிய படம் முதலில் விக்கிமீடியா பொதுவகத்துக்குள் பிரதியாக வந்து சேர வேண்டும். அந்தப் பொதுவகம் 2004 செப்டம்பரில் தோன்றியதற்கு முன், ஒவ்வொரு மொழி விக்கிப்பீடியாவிலும் அதே படத்தைத் திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டியிருந்தது. இன்று அங்கே ஒரு முறை ஏறிய கூழைக்கடா, தமிழ் உள்ளிட்ட எல்லா மொழிக் கட்டுரைகளிலும் பெயரைக் குறிப்பிட்ட மாத்திரத்தில் வந்து நிற்கும். படம் ஓரிடத்திலும் பார்வை பல இடத்திலும் என்ற தத்துவத்துக்கு இதைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் காட்டுவது அரிது. ஃபிளிக்கரிலிருந்து பொதுவகத்துக்கு நேராகப் படத்தைக் கொண்டு வருவதற்கும் கருவிகள் உண்டு. அப்படி வந்த படத்தின் உரிம நிலையைத் தானியங்கி நிரல் ஒன்று ஃபிளிக்கரில் சரிபார்த்துக் குறித்து வைக்கிறது.

உரிமம் என்ற சொல் வந்துவிட்டதால் அதையும் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, புகைப்படத்துக்கு எடுத்தவருடைய ஆயுள் முழுவதும், பின்பு அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. பொதுவாக எடுத்தவரே உரிமையாளர். எனினும், பணம் பெற்றுக்கொண்டு இன்னொருவர் சொற்படி எடுத்த படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் ஆகிறார். கல்யாணப் படங்களை விளம்பரத்துக்காக ஏற்றும் ஸ்டுடியோக்காரர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். நம் ஆர்வலரோ ஏரிக்கரையில் தமக்காகவே எடுத்தவர். ஆகையால் அவர் விரும்பிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை ஃபிளிக்கரிலேயே தேர்ந்து குறித்துவிடலாம். பெயரைச் சொல்லிவிட்டு யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்பது ஒன்று. அவ்வாறு பயன்படுத்தியவரும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்பது மற்றொன்று. வியாபாரத்துக்குக் கூடாது, மாற்றக் கூடாது என்ற தடைகள் சேர்ந்தவையும் உள்ளன. விக்கிமீடியா பொதுவகம் முதல் இரண்டையும் ஏற்கும். தடைகள் சேர்ந்தவற்றை ஏற்காது. ஒரு விஷயத்தில் மட்டும் நிதானம் தேவை: இவ்வுரிமத்தைக் கொடுத்த பின் மனம் மாறி நீக்கினாலும், அதற்குள் அதன்படி பெற்றுக்கொண்டவருடைய உரிமை ரத்தாவதில்லை.

அடுத்து, படத்துக்குள் ஒளிந்திருக்கும் செய்தி. எக்ஸிஃப் என்னும் பகுதியில் கேமராவின் பெயர், லென்ஸ், எடுத்த தேதி, நேரம் ஆகியவற்றோடு, கைப்பேசியாயின் பெரும்பாலும் எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையும் பதிந்திருக்கும். வேடந்தாங்கல் கூழைக்கடாவின் இருப்பிடம் ஊரறிந்தது. அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அதே ஆர்வலர், ஒரு கல்குவாரியின் பிளவில் கூடு வைத்திருக்கும் கொம்பன் ஆந்தையைப் படம் எடுத்திருந்தால் நிலைமை வேறு. பில்லி சூனியத்துக்கென்று ஆந்தைகளைப் பிடித்து விற்கும் வியாபாரம் இந்த நாட்டில் உண்டு. ஐநேச்சுரலிஸ்டில் பதிவின் இடத்தை மறைக்கும் தெரிவைக் கொடுத்தால், அது 0.2 பாகை அளவுள்ள ஒரு கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியாகத்தான் வெளியாருக்குத் தெரியும். இவ்வளவு ஜாக்கிரதையாக அங்கே மறைத்துவிட்டு, அதே படத்தின் ஃபிளிக்கர் பக்கத்தில் வரைபடத்தோடு துல்லியமான இடம் தெரியும்படி விட்டுவிட்டால் என்ன பிரயோஜனம்? பல தளங்களில் ஒரே படத்தைக் காட்டுவோருக்கு உரிய பிரத்தியேகமான அபாயம் இதுவே. ஓரிடத்தில் பூட்டியது இன்னோரிடத்தில் திறந்து கிடக்கும்.

ஃபிளிக்கரின் அமைப்புகளில், எக்ஸிஃப் விவரத்தைப் பக்கத்தில் காட்டாதிருக்கவும், இடக் குறிப்பை வரைபடத்தில் சேர்க்காதிருக்கவும் தனித்தனித் தெரிவுகள் இருக்கின்றன. ஆயினும் பக்கத்தில் மறைப்பது கோப்பிலிருந்து அழிப்பதாகாது. மூலத்தை டவுன்லோட் செய்யும் அனுமதி எல்லோருக்கும் இருந்தால், விவரமும் உடன் போகும். ஆதலால் கூடு, குகை, வீடு, குழந்தைகள் பயிலும் பள்ளி முதலியவற்றில் எடுத்த படங்களுக்கு, ஏற்றுவதற்கு முன்பே கணினியில் இடக் குறிப்பை நீக்கிவிடுவதே தீர்மானமான வழி. விண்டோஸில் கோப்பின் மேல் வலது சொடுக்கிட்டு, பண்புகள் பகுதிக்குள் சென்று, தனிப்பட்ட விவரங்களை நீக்கிய பிரதி ஒன்றை உண்டாக்கிக்கொள்ளலாம். மூலக் கோப்பில் குறிப்பு இருக்கட்டும். அது நமக்கு வேண்டியது.

இனி, நம்பிக்கை பற்றிய விஷயம். இதைப் படிப்பதற்கு முன் யாரும் இரண்டாவது படத்தை ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

போட்டோபக்கெட், ஒரு காலத்தில் வெளித்தளங்களில் படம் காட்டுவதற்கென்றே கோடிக்கணக்கானோர் நாடிய சேவை. 2017-ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் அது தன் நிபந்தனைகளை மாற்றி, வேறு தளங்களில் படம் காட்ட வேண்டுமானால் ஆண்டுக்கு 399 டாலர் 99 சென்ட் செலுத்த வேண்டும் என்றது. செலுத்தாதவர்களுடைய படங்கள் இருந்த இடங்களிலெல்லாம், வேகமானி போன்ற ஓர் உருவமும், கணக்கை மேம்படுத்தச் சொல்லும் வாசகமும் கொண்ட ஒரே படம் தோன்றியது. ஈபேயில் பண்டங்களை விற்றுக்கொண்டிருந்தவர்களுடைய பொருட்களின் படங்கள் அந்த வேகமானியாயின. எஞ்சினைக் கழற்றிப் பூட்டும் விதத்தைப் படிப்படியாகப் படத்தோடு எழுதி வைத்திருந்த பக்கங்களில், எழுத்து அப்படியே நிற்க, விளக்கம் மட்டும் அழிந்தது. அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் கட்டணத்தைப் பெரிதும் குறைத்தது என்றாலும், இழந்த படங்களைத் தேடிப் பொருத்தும் பொறுமை எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? இதை மோசடி என்று சொல்ல எமக்கு மனமில்லை. ஒவ்வொரு பார்வைக்கும் செலவு செய்து கொண்டிருந்தது அவர்களே. முன்னறிவிப்புச் செய்த முறையும் கேட்ட தொகையும்தான் நியாயமற்றவை.

இது ஒரு நிறுவனத்தின் கதை மட்டுமன்று. இமேஜ்ஷாக் 2014-இல் சந்தா சேவையாக மாறியது. டைனிபிக் 2019 செப்டம்பரில் கடையைக் கட்டியது. இம்கர் 2023 மே 15 முதல், எந்தக் கணக்கோடும் சேராமல் பழையதாய்க் கேட்பாரற்றுக் கிடந்த படங்களை நீக்கத் தொடங்கியது. கணக்கில்லாமலே படம் போடலாம் என்ற எளிமையே இங்கே வினையாயிற்று. 2025 செப்டம்பர் 30 முதல் பிரிட்டனில் இம்கர் கிடைப்பதில்லை. அதன் படங்களை இட்டிருக்கும் பிற தளங்களிலும் அந்நாட்டு வாசகருக்குப் படத்தின் இடத்தில் மறுப்புச் செய்திதான் தெரிகிறது. நாம் முன்னிறுத்திய ஃபிளிக்கரும் இதற்கு விலக்கல்ல. 2005-இல் யாஹூ அதை வாங்கியது. 2013-இல் ஒவ்வொருவருக்கும் ஒரு டெராபைட் இலவசம் என்று வாரி வழங்கியது. 2018-இல் ஸ்மக்மக் என்னும் நிறுவனத்தின் கைக்கு மாறி, அவ்வாண்டே இலவசக் கணக்குக்கு 1,000 படங்கள் என்ற வரம்பு அறிவிக்கப்பட்டு, மறு ஆண்டு மிகுதியானவை பழையதிலிருந்து நீக்கப்படும் என்று சொல்லப்பட்டது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருந்தவற்றுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள்.

எனவே படச் சேவையைக் காட்டும் இடமாக மட்டுமே கொள்ள வேண்டும். காக்கும் இடம் வேறாக இருக்க வேண்டும். மூலப் படங்கள் மூன்று பிரதிகளாக, இரண்டு விதமான சாதனங்களில், ஒன்றாவது வீட்டுக்கு வெளியே இருக்கும்படி வைக்க வேண்டும் என்பது, பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பிரபலப்படுத்திய விதி. கணினியில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் உடன்பிறந்தார் வீட்டிலோ கிளவுடிலோ ஒன்று என்று வைத்துக்கொண்டால் இது நிறைவேறிவிடும். ஃபிளிக்கரில் இருப்பதை இந்த மூன்றில் ஒன்றாகக் கணக்கில் சேர்க்கலாகாது என்பது எம் பிடிவாதம்.

அதோடு, ஒரு பதிவேடு வைத்துக்கொள்ள வேண்டும். எக்ஸெல் தாளோ, கோடு போட்ட நோட்டுப் புத்தகமோ, எதுவாயினும் சரி: மூலக் கோப்பின் பெயர், படச் சேவையில் அதன் பக்க முகவரி, எந்த எந்தத் தளத்தில் எந்தப் பக்கத்தில் காட்டியிருக்கிறோம், எந்த உரிமம் கொடுத்தோம் என்ற விவரங்கள் ஒரு வரியில் அடங்க வேண்டும். மூலக் கோப்பின் பெயரையே படத்தின் விவரத்திலும் ஒரு மூலையில் எழுதி வைப்பது, பின்னாளில் எது எது என்று ஒப்பு நோக்கும் வேலையைப் பாதியாக்கும். அந்தப் பக்கங்களை அவ்வப்போது, சொந்தக் கணக்கில் நுழையாத வேறொரு பிரவுசரில் திறந்து பார்க்க வேண்டும். நமக்கு மட்டும் தெரிந்து பிறருக்குத் தெரியாத படங்கள் அப்போதுதான் அகப்படும்.

என்றேனும் ஒரு சேவையை விட்டு இன்னொன்றுக்குக் குடிபெயர நேர்ந்தால், வேலைகளை வரிசை தவறாமல் செய்ய வேண்டும். முதலில், கணக்கின் அமைப்புப் பகுதியில் நம் தரவு முழுவதையும் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். ஃபிளிக்கர் படங்களைச் சிப் கோப்புகளாகவும், தலைப்பு, விவரம், டேக் ஆகியவற்றைத் தனிக் கோப்புகளாகவும் தயாரித்து வைத்துவிட்டு மின்னஞ்சலில் தெரிவிக்கும். அவற்றை இறக்கி, திறந்து, எண்ணிக்கையைச் சரிபார்த்த பிறகே புதிய இடத்தில் ஏற்ற வேண்டும். அதன்பின் பதிவேட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாகச் சென்று பழைய முகவரியை எடுத்துவிட்டுப் புதியதை இட வேண்டும். சங்கத் தளத்தில் நாமே திருத்த முடியாத பக்கங்கள் இருக்கும். அவற்றை நிர்வகிப்பவருக்கு எழுதி, அவர் மாற்றி முடித்துவிட்டதாகப் பதில் எழுதும் வரையில், பழைய கணக்கை மூடக் கூடாது. அதற்காக இன்னும் ஒரு தவணைக் கட்டணம் செலுத்த நேர்ந்தாலும் செலுத்திவிடுவதே லாபம்.